மேசை விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர்: கிடைத்தள எறிபொருளுக்கு ஒரு உருட்டுப் பட்டை

பிளஸ் ஒன் இயற்பியலில் 2-வது அலகிலேயே கிடைத்தள எறிபொருள் வந்துவிடுகிறது. "80 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து ஒரு கல் 15 மீ/வி திசைவேகத்தில் கிடைத்தளமாக எறியப்படுகிறது, அது எவ்வளவு தொலைவில் விழும்?" என்று கேட்டால், பிள்ளைகள் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடையைச் சொல்லிவிடுவார்கள். இந்த வகைக் கேள்விகளில் எனக்கு ஒரு குறை உண்டு. தொடக்க வேகத்தைக் கேள்வியே கையில் கொடுத்துவிடுகிறது. ஒரு பால்ரஸ் குண்டை மேசையில் உருட்டிவிட்டால் அதன் வேகத்தை யார் எழுதிக் கொடுப்பார்கள்? அதைத் தேடிப் பிடிப்பதில்தான் பாதி இயற்பியல் இருக்கிறது. அதனால் ஒரு பட்டை செய்தேன். குண்டு அதில் உருண்டு இறங்கி, மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் விழும். விழப்போகும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் குண்டை விடவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பட்டைக்கு எலக்ட்ரிகல் கடையில் வாங்கிய பிவிசி வொயரிங் கேசிங் போதும். மேல் மூடியைக் கழற்றிவிட்டால் நீளமான ஒரு வாய்க்கால் கிடைக்கும். என்னுடையதில் வாயின் அகலம் வெர்னியரில் 10 மி.மீ. குண்டு வண்டி மெக்கானிக் கடையில் கிடைத்த பழைய பால்ரஸ் குண்டு. 5/8 இன்ச், அதாவது விட்டம் கிட்டத்தட்ட 15.9 மி.மீ., எடை 16 கிராம் சொச்சம். வாயைவிடக் குண்டு பெரியது என்பதால் அது வாய்க்காலுக்குள் இறங்காமல் இரண்டு விளிம்புகளின் மேல் ரயில் போல ஓடும். சுவரில் இடித்து அலையாமல் நேராகப் போவதற்காக இப்படித் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தேர்வுக்கு வேறொரு விளைவும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வளைப்பதுதான் பொறுமை கேட்கிற வேலை. சும்மா வளைத்தால் வளைவில் வாய் விரிந்துவிடும், குண்டு அந்த இடத்தில் தடுக்கும். 10 மி.மீ. நைலான் கயிற்றை வாய்க்காலுக்குள் இறுக்கமாகத் திணித்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தால் வாய் அப்படியே நிற்கும். மேல் பாதி சுமார் 20 டிகிரி சரிவு, நடுவில் பெரிய வளைவு, கடைசி 25 செ.மீ. நேராகவும் மட்டமாகவும் இருக்கவேண்டும். முழுவதையும் ஒரு பிளைவுட் பலகையில் எம்-சீல் வைத்து ஒட்டி, பலகையை சி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கினேன். பலகை அசைந்தால் எந்த அளவும் நிற்காது.

கடைசிப் பகுதியின் மட்டத்துக்குக் கொத்தனார் ரசமட்டம் உதவும். அதைவிட நல்ல சோதனை குண்டே தருகிறது. விளிம்புக்குச் சற்று முன்னால் குண்டை வைத்துக் கையை எடுத்தால் அது எந்தப் பக்கமும் நகரக்கூடாது. இது வெறும் நேர்த்திக்காக அல்ல. முனை ஒரு டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலே குண்டு கிளம்பும்போது கீழ்நோக்கிய வேகமும் சேர்ந்துவிடும், விழும் இடம் 4 மி.மீ. அருகில் வந்துவிடும். அதற்கப்புறம் அது கிடைத்தள எறிபொருளே அல்ல, சாய்வாக எறியப்பட்ட பொருள்.

உயரத்தில் ஒரு சின்ன வசதி செய்துகொண்டேன். மேசை 75 செ.மீ. தான். பலகைக்கு அடியில் அட்டைகளைச் செருகி, முனையில் நிற்கும் குண்டின் உச்சி தரையிலிருந்து சரியாக 80.0 செ.மீ. வருமாறு வைத்தேன். குண்டின் விட்டம் 1.6 செ.மீ. கழித்தால் அடிப்பக்கம் 78.4 செ.மீ. உயரத்தில். குண்டு உண்மையில் விழும் உயரம் இதுதான், ஏனென்றால் தரையைத் தொடுவது அதன் அடி. பட்டையின் விளிம்பிலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட 2 மி.மீ. கூடுதலாக வரும், காரணம் குண்டு இரண்டு விளிம்புக்கும் நடுவே அந்த அளவு கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. 78.4 ஏன் என்றால்:

பறக்கும் நேரம் = √(2 × 0.784 ÷ 9.8) = √0.16 = 0.4 வினாடி.

வர்க்கமூலம் சுத்தமாக வந்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் கால்குலேட்டரில் போகாது. சென்னைப் பக்கம் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 தான். அதைப் போட்டாலும் நேரம் அரை மில்லி வினாடிகூட மாறாது.

தரையில் தொலைவை எங்கிருந்து அளப்பது? பட்டையின் முனையிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டு, அது தொடும் புள்ளியைச் சுழி என்று குறித்தேன். மேசைக் காலிலிருந்தோ மேசைப் பலகையின் ஓரத்திலிருந்தோ அளக்கக்கூடாது, பட்டை அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. விழும் இடத்தில் கனமான அட்டை, அதன் மேல் வெள்ளை ஏ4 தாள், அதன் மேல் கார்பன் பேப்பர் கவிழ்த்து. அட்டை இல்லாவிட்டால் டைல்ஸ் தெறித்துவிடும். குண்டு விழுந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி பதியும். தாள் நீளமாக இருந்தால் துள்ளி விழுந்த இரண்டாவது புள்ளியும் பதியும். குண்டு காற்றிலும் சுழன்றுகொண்டே வருவதால் துள்ளல் நன்றாகவே முன்னோக்கிப் போகிறது. அந்த இரண்டாவது புள்ளியைக் கணக்கில் சேர்க்காமலிருக்கத் தாளைச் சிறியதாக வெட்டிக்கொண்டு, பின்னால் பழைய டவல் ஒன்றைச் சுருட்டி வைத்தேன்.

குண்டை விரலால் பிடித்து விடுவது சரிப்படவில்லை, விரல் பிரியும்போது ஒரு தள்ளு கொடுத்துவிடுகிறது. ஆறு இன்ச் ஸ்கேலைக் குண்டுக்கு முன்னால் கதவு மாதிரி நிறுத்தி, பட்டை சரியும் திசையிலேயே வெடுக்கென்று எடுத்தால் குண்டு ஓய்விலிருந்து கிளம்பும். புள்ளிகள் அதற்குப் பிறகு ஒரு சென்டிமீட்டருக்குள் கொத்தாக விழ ஆரம்பித்தன.

முதலில் நேரம்

வகுப்பில் கொண்டுபோய் வைத்ததும் நான் தொலைவைப் பற்றிப் பேசவில்லை. குண்டைப் பட்டையின் மட்டமான பகுதிக்கு மேலே 5 செ.மீ. உயரத்திலிருந்து ஒருமுறை விட்டேன், 20 செ.மீ. உயரத்திலிருந்து ஒருமுறை விட்டேன். எது அதிக நேரம் காற்றில் இருந்தது என்று கேட்டேன். "ரெண்டாவதுதான் மிஸ், அது ரொம்ப தூரம் போச்சே" என்றாள் முதல் பெஞ்சு மாணவி. பலரும் தலையாட்டினார்கள். இது இயல்பான எண்ணம். நிறைய தூரம் போனது நிறைய நேரம் எடுத்திருக்கும் என்றுதான் தோன்றும்.

கைப்பேசியில் ஸ்லோமோஷன் வைத்தோம், நொடிக்கு 240 படம். குண்டு விளிம்பைத் தாண்டும் படத்திலிருந்து தரையைத் தொடும் படம் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணச் சொன்னேன். 0.4 வினாடி என்றால் 96 படம் வரவேண்டும். மெதுவாகப் போன குண்டுக்கு 96 வந்தது. வேகமாகப் போனதற்கும் 96, இன்னொருவர் எண்ணியதில் 95. எண்ணியவர்களே திரும்பவும் எண்ணிப் பார்த்தார்கள். வேகம் இருமடங்கு, நேரம் மாறவில்லை.

இந்த இடத்தில்தான் நோட்டில் கோடு போடச் சொல்வேன். பக்கத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. இடப்பக்கம் கிடைத்திசை, வலப்பக்கம் செங்குத்துத் திசை. இடப்பக்கத்தில் முடுக்கம் சுழி, வேகம் கடைசிவரை ஒன்றே. வலப்பக்கத்தில் தொடக்க வேகம் சுழி, முடுக்கம் 9.8. கேள்வியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இந்த இரண்டு பக்கத்தில் ஏதோ ஒன்றுக்குத்தான் சொந்தம். கோட்டைத் தாண்டிப் போகிற ஒரே அளவு நேரம். நான் திருத்தும் விடைத்தாள்களில் இந்தக் கணக்கு தப்பாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கிடைத்திசை வேகத்தைத் தூக்கி வலப்பக்கச் சமன்பாட்டில் போட்டுவிடுவது. வலப்பக்கத்தின் முதல் வரியில் "தொடக்கச் செங்குத்து வேகம் = 0" என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அந்தத் தவறு வருவதில்லை. எழுதத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் வருகிறது.

79, 67, 61

சரி, இப்போது தொலைவு. குண்டு பட்டையில் 20 செ.மீ. உயரம் இறங்குகிறது. வேகம் எவ்வளவு? பிள்ளைகள் நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேகம் = √(2 × 9.8 × 0.20) = 1.98 மீ/வி
நெடுக்கம் (கிடைத்திசையில் குண்டு போய் விழும் தொலைவு) = 1.98 × 0.4 = 0.79 மீ

79 செ.மீ. தொலைவில் சாக்பீஸ் கோடு போட்டார்கள். குண்டு 60-க்குப் பக்கத்தில் விழுந்தது. திரும்பத் திரும்ப விட்டாலும் அங்கேயேதான். சராசரி 60.1 செ.மீ.

19 சென்டிமீட்டர் இடைவெளி. "உராய்வு மிஸ்" என்று ஒரு குரல் உடனே வந்தது. உராய்வு என்று சொல்லி இந்த இடத்தைக் கடந்துபோவது மிகச் சுலபம், பல செய்முறைக் குறிப்பேடுகளில் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் 79-ல் 60 என்றால் வேகத்தில் கால் பங்கு போயிருக்கிறது, ஆற்றலில் நாற்பது சதவீதத்துக்கு மேல். எஃகுக் குண்டு வழவழப்பான பிளாஸ்டிக்கில் உருளும்போது உரசலில் அவ்வளவு இழக்காது. காற்றும் காரணமல்ல. 16 கிராம் எஃகுக் குண்டுக்கு இந்த 0.4 வினாடியில் காற்றுத் தடை கொண்டுவரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

அந்த ஆற்றல் தொலையவில்லை, குண்டிலேயே சுழற்சியாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு இறங்கும் பொருளுக்குத்தான் முழு ஆற்றலும் முன்னோக்கிய வேகத்துக்குப் போகும். உருளும் திண்மக் கோளத்துக்கு, முன்னோக்கிய இயக்கத்தில் 1 பங்கு என்றால் சுழற்சியில் 2/5 பங்கு. மொத்தம் 1.4 பங்கு. ஆகவே,

வேகம் = √(2 × 9.8 × 0.20 ÷ 1.4) = 1.67 மீ/வி
நெடுக்கம் = 67 செ.மீ.

பாதி வழி வந்துவிட்டோம். இன்னும் 7 செ.மீ. பாக்கி. அதற்குப் பதில் நான் முதலில் சொன்ன பட்டை வாயில் இருக்கிறது. சமதளத்தில் உருளும் குண்டு தன் அடிப்புள்ளியில் தரையைத் தொடுகிறது, சுழல் அச்சிலிருந்து தொடுபுள்ளி முழு ஆரத் தொலைவில். இரண்டு விளிம்பின் மேல் ஓடும் குண்டோ பக்கவாட்டில் இரண்டு புள்ளிகளில் தொடுகிறது. அச்சிலிருந்து அந்தப் புள்ளிகளின் தொலைவு ஆரத்தைவிடக் குறைவு. ஆரம் 7.94 மி.மீ., வாயில் பாதி 5 மி.மீ. பிதாகரஸ் தேற்றம் போட்டால்:

உருளும் ஆரம் = √(7.94² − 5²) = 6.17 மி.மீ.

சின்னச் சக்கரம் அதே தூரத்தைக் கடக்க அதிகச் சுற்று சுற்றவேண்டும். அதனால் இந்தக் குண்டு அதே முன்னோக்கு வேகத்துக்குக் கூடுதலாகச் சுழல்கிறது, சுழற்சிக்குக் கூடுதல் பங்கு போகிறது. 2/5 என்பதை ஆரங்களின் விகித வர்க்கத்தால் பெருக்கினால் 0.4 × 1.66 = 0.66. மொத்தம் 1.66 பங்கு.

வேகம் = √(3.92 ÷ 1.66) = 1.54 மீ/வி
நெடுக்கம் = 61.4 செ.மீ.

அளந்தது 60.1. மிச்சம் இருக்கும் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு இப்போது தாராளமாக உரசல் என்று சொல்லலாம். வளைவில் ஏறி இறங்கும்போதும், பிளாஸ்டிக் விளிம்பின் சொரசொரப்பிலும் இரண்டு சதவீத வேகம் போவது நம்பக்கூடியது.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு என்பதால் தனியாக ஒரு சாட்சி வேண்டியிருந்தது. பட்டையின் மட்டமான பகுதியில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கறுப்புக் கோடு போட்டு, பக்கவாட்டிலிருந்து அதே 240 படக் காணொளி எடுத்தோம். குண்டு வழுக்கியிருந்தால் இந்தத் தூரத்துக்கு 24 படம். சமதளத்தில் உருள்வதுபோல் என்றால் 29 படம். விளிம்புக் கணக்கின்படி 31 சொச்சம். எண்ணியபோது 32 வந்தது. முதல் இரண்டு கணக்கும் இங்கே அடிபட்டுப் போகின்றன. 31-க்கும் 32-க்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல இந்தக் கேமராவால் முடியாது, ஒரு படம் தவறினாலே 3 சதவீதம் மாறிவிடும். தரையில் விழுந்த புள்ளி அதைவிட நுணுக்கமான வேகமானி. புள்ளிக் கொத்தின் நடுவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் பிடிக்க முடிந்தால் அது 600-ல் இரண்டு மூன்று. 60.1 செ.மீ. ÷ 0.4 வி = 1.50 மீ/வி. எறிபொருள் கணக்கைத் திருப்பிப் போட்டால் வேகத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது என்பதை இங்கே நிதானமாகச் சொன்னேன், ஏனென்றால் தேர்வில் "நெடுக்கம் தெரியும், வேகம் என்ன?" என்று கேட்கும்போது பிள்ளைகள் அதைப் புதுச் சூத்திரம் என்று நினைக்கிறார்கள்.

சுழற்சி ஆற்றல் அதே புத்தகத்தில் 5-வது அலகில்தான் வருகிறது. முன்கூட்டியே சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்வதுதான் சரி என்று படுகிறது. முழு விளக்கம் வேண்டாம், "சுழலவும் ஆற்றல் வேண்டும், கோளத்துக்கு அது 2/5 பங்கு" என்று ஒரு வரி போதும். காரணம் தெரியாத 19 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு மூன்று அலகு காத்திருப்பதைவிட அது மேல்.

பதுவாவில் ஒரு மேசை

இந்தச் செய்முறை என் கண்டுபிடிப்பு அல்ல. கலிலியோ இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1608 வாக்கில், இதையேதான் செய்திருக்கிறார். அவர் கைப்பட எழுதிய குறிப்புத் தாள் புளோரன்ஸ் தேசிய மைய நூலகத்தில் இருக்கிறது, 116-வது தாளின் பின்பக்கம். ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாய்வாளர் 1973-ல் அதை வெளிக்கொண்டுவரும்வரை அந்தத் தாளை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதில் ஒரு மேசை, அதிலிருந்து விழும் வளைகோடுகள், பக்கத்தில் எண்கள். அலகு புந்தோ, ஒரு புந்தோ ஏறத்தாழ 0.94 மி.மீ. மேசை உயரம் 828 புந்தோ. பெருக்கிப் பார்த்தால் 78 செ.மீ. வருகிறது, நான் அட்டை செருகி ஏற்றி வைத்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு! குண்டு 300 புந்தோ உயரம் இறங்கி வந்தபோது 800 புந்தோ தொலைவில் விழுந்தது. பிறகு குண்டு இறங்கும் உயரத்தை 600, 800, 828, 1000 என்று மாற்றியிருக்கிறார்.

அவர் வேகத்தைக் கணக்கிடவே இல்லை. உயரம் இருமடங்கானால் நெடுக்கம் √2 மடங்காகவேண்டும் என்று விகிதம் மட்டும் போட்டார். 800-ஐ √2-ஆல் பெருக்கினால் 1131. அவர் அளந்தது 1172. வித்தியாசம் 41 என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். 800 உயரத்துக்கு வரவேண்டியது 1306, வந்தது 1328. 1000 உயரத்துக்கு வரவேண்டியது 1460, வந்தது 1500.

இந்த எண்களில் நம் மூன்று கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். புவியீர்ப்பு முடுக்கம் அடிபட்டுப் போய்விடும் என்பது இதில் ஓர் அழகு. வழுக்கும் பொருளுக்கு நெடுக்கம் = 2 × √(இறங்கிய உயரம் × மேசை உயரம்). 300-ம் 828-ம் போட்டால் 997 புந்தோ. சமதளத்தில் உருளும் கோளத்துக்கு 842. கலிலியோ அளந்தது 800. அவர் குண்டு உருண்டுதான் வந்திருக்கிறது என்று எண்ணே சொல்கிறது. சுழற்சி ஆற்றல் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. விகிதமாகப் போட்டதால் அந்த 1.4 பங்கு மேலும் கீழும் அடிபட்டு, தெரியாததே ஒரு தடையாகவில்லை.

நாங்களும் அதே விகிதத்தைப் போட்டோம். 5 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட குண்டு 29.6 செ.மீ. தொலைவில் விழுந்தது. அதிலிருந்து 10 செ.மீ.க்கு 41.9 வரவேண்டும், வந்தது 42.3. 15 செ.மீ.க்கு 51.3 வரவேண்டும், வந்தது 52.0. 20 செ.மீ.க்கு 59.2 வரவேண்டும், வந்தது 60.1. எல்லாமே கொஞ்சம் கூடுதல். கலிலியோவின் தாளிலும் எல்லாமே கூடுதல் பக்கம்தான். என் பட்டையில் காரணம் புரிகிறது: தாழ்வான உயரத்திலிருந்து விடும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றலே கொஞ்சம், மட்டமான 25 செ.மீ. பகுதியை எப்படியும் கடந்தாகவேண்டும், அதனால் உரசலுக்குப் போகும் பங்கு அங்கே பெரிது. முதல் அளவே சற்றுக் குறைந்துவிடுகிறது, அதை அடிப்படையாக வைத்தால் மற்றவை கூடித் தெரிகின்றன. அவருடைய குண்டுக்கும் இதுதான் நடந்ததா என்று அந்தத் தாளை வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு செய்முறைக் குறிப்பேட்டில் கணக்குக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசங்களும் நம் வித்தியாசங்களும் ஒரே பக்கம் சாய்வதைப் பார்த்தபோது வகுப்பு முழுவதும் எழுந்து கரும்பலகைப் பக்கம் வந்துவிட்டது. எனக்கும் அது பெரிய சந்தோஷம்.

டம்ளர்

கடைசியாக ஒரு போட்டி. குண்டு எவர்சில்வர் டம்ளருக்குள் விழவேண்டும். 20 செ.மீ. உயரத்திலிருந்து விடுவோம், வேகம் 1.50 மீ/வி என்று தெரியும். டம்ளரை எங்கே வைப்பது?

பெரும்பாலோர் டம்ளரின் நடு 60 செ.மீ.யில் இருக்குமாறு வைத்தார்கள். குண்டு டம்ளரின் முன்பக்க விளிம்பில் மோதித் தெறித்தது. டம்ளர் உயரம் 11 செ.மீ., வாய் அகலம் 7 செ.மீ. குண்டு தரைக்குப் போகவேண்டியதில்லை, வாய்க்குள் நுழைந்தால் போதும். ஆகவே அது விழும் உயரம் 78.4 − 11 = 67.4 செ.மீ. தான்.

நேரம் = √(2 × 0.674 ÷ 9.8) = 0.371 வி
தொலைவு = 1.50 × 0.371 = 55.6 செ.மீ.

60-ல் நடுவை வைத்தால் முன்விளிம்பு 56.5-ல் நிற்கும். வாய் மட்டத்தை எட்டும்போது குண்டு இன்னும் 55.6-ல்தான் இருக்கிறது. அதனால்தான் மோதியது. 55.6-ல் நடுவை வைத்ததும் டங்கென்று உள்ளே விழுந்தது. "மாடி விளிம்பிலிருந்து எறிந்த பந்து, 2 மீட்டர் உயரச் சுவரைத் தாண்டுமா?" என்கிற வகைக் கேள்விகள் எல்லாம் இந்த டம்ளர்தான். எந்த மட்டத்துக்கு வரும்போது கணக்கை நிறுத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளவேண்டும். அந்த ஒரு முடிவு இல்லாமல் நேரத்துக்குச் சூத்திரம் போடுவதில் பயனில்லை.

தரையில் மோதும் வேகத்தையும் இதே எண்களில் பார்த்தோம். கிடைத்திசையில் 1.50, செங்குத்தில் 9.8 × 0.4 = 3.92. இரண்டையும் கூட்டி 5.42 என்று எழுதுவது வழக்கமான தவறு. செங்கோணத்தில் இருக்கும் இரண்டு வேகங்கள், ஆகவே √(1.50² + 3.92²) = 4.20 மீ/வி, தரைக்கு 69 டிகிரி சாய்வில். இதைச் சரிபார்க்கக் காணொளியில் ஒரு நல்ல வழி உண்டு. தரையைத் தொடுவதற்கு முந்தைய சில படங்களில் குண்டு போகும் திசையை ஸ்கேல் வைத்து மேல்நோக்கி நீட்டினால், அந்தக் கோடு பட்டை மட்டத்தை வெட்டுவது நெடுக்கத்தின் சரிபாதியில், அதாவது 30 செ.மீ.யில். பரவளையத்தின் குணம் அது. விடைத்தாளில் போடும் படம் சரியா என்று பார்க்கவும் உதவும். முதலில் கிடையாகக் கிளம்பாத வளைகோட்டை வரைகிறவர்களுக்கு இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பால்ரஸ் கிடைக்கவில்லை என்று டேபிள் டென்னிஸ் பந்தை எடுக்கவேண்டாம். 2.7 கிராம்தான் இருக்கும், காற்று அதைப் பல சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துவிடும், உள்ளே திண்மமாக இல்லாமல் வெறும் கூடு என்பதால் 2/5-ம் பொருந்தாது. கண்ணாடிக் கோலிக்குண்டு பரவாயில்லை, ஆனால் உருண்டை சரியாக இருக்காது, பட்டையில் ஆடிக்கொண்டே வரும், புள்ளிகள் சிதறும்.

அடுத்து 12 மி.மீ. வாய் உள்ள பட்டை ஒன்று செய்யவேண்டும். அதே குண்டு, அதே 20 செ.மீ. உருளும் ஆரம் 5.2 மி.மீ. ஆகக் குறையும், பங்கு 1.93 ஆகும், வேகம் 1.42 மீ/வி, நெடுக்கம் 57.0 செ.மீ. உரசலுக்கு இந்தப் பட்டையில் போனதுபோலவே இரண்டு சதவீதம் கழித்தால் 55½-க்கும் 56-க்கும் நடுவே புள்ளி விழவேண்டும். கேசிங் வாங்கியாயிற்று, வளைக்கிற வேலை பாக்கி இருக்கிறது.